வெள்ளிக் கரண்டியும் அதன் முத்திரையும்

(இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி)

கையால் பிசைந்து உண்ணும் நமக்குக் கரண்டியைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று தோழியர் நகைக்கக்கூடும். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இல்லாதிருந்தால் நானும் நகைத்திருப்பேன். என் அம்மா குன்னூரில் ஒரு பங்களாவில் பாத்திரம் துலக்கியவர். அவ்வீட்டு அம்மையார் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, "சில்வர்" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துச் சென்றது அது. உள்ளே 6 கரண்டிகளும் 6 முள்கரண்டிகளும் இருந்தன. "உன் படிப்புக்கு ஆகும்" என்று அம்மா அவற்றை வருடந்தோறும் விபூதி போட்டுத் தேய்த்துப் பழைய வேட்டியில் சுற்றி வைப்பார்.

கரண்டியின் காம்பைப் பார்த்தே அதன் காலத்தை ஒருவாறு சொல்லிவிடலாம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வழங்கிய 'ஹனோவேரியன்' வகையில் காம்பின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். அக்காலத்தில் கரண்டியை மேசைமீது கவிழ்த்து வைப்பது வழக்கம். ஆகவே குடும்பச் சின்னத்தைக் காம்பின் முதுகில் செதுக்கினார்கள். பின்னர் நிமிர்த்தி வைக்கும் வழக்கம் வந்தது. நுனி கீழ்நோக்கி வளைந்தது. சின்னமும் முன்பக்கத்துக்கு இடம் மாறியது. இதனை 'ஓல்டு இங்கிலீஷ்' வகை என்பர். மேசையில் வைக்கும் முறை மாறியதும் சித்திரமும் இடம் மாறிவிட்டது!

19ஆம் நூற்றாண்டில் வயலின்போல் தோள் புடைத்த 'பிடில்' வகை பரவியது. அடுத்து, சிப்பியும் கொடிப்பூவும் இருபுறமும் புடைத்து நிற்கும் 'கிங்ஸ்' வகை. எங்கள் பெட்டியில் இருப்பது இதுவே. சிப்பியை அம்மா 'விசிறி' என்பார். இத்தகைய அடர்ந்த வேலைப்பாடு எஃகு அச்சில் வைத்து அழுத்தி எடுப்பது. அச்சு ஒன்று இருந்தால் ஒரே விசிறியை எத்தனை கரண்டியிலும் பதிக்கலாம், எந்த உலோகத்திலும் பதிக்கலாம். இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

விடுதிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தபோது பெட்டியுடன் அடகுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கரண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தராசில்கூட வைக்காமல், "இது வெள்ளி இல்லைம்மா" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் தோடுகளைக் கழற்றினார்.

அவர் பார்த்தது முதுகில் இருந்த நான்கு சிறு முத்திரைகளை. நானும் அவற்றைப் பலமுறை பார்த்திருந்தேன், படிக்கத்தான் தெரியவில்லை. ஆங்கிலேயரின் அசல் வெள்ளியிலும் இப்படி வரிசையாகச் சில முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. எஞ்சியது பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது, வளைந்துவிடும். சிறுத்தைத் தலை இலண்டனைக் குறிக்கும், நங்கூரம் பர்மிங்காமை. ஷெபீல்டுக்கு 1773 முதல் கிரீடம் இருந்தது. 1975இல் அது ரோஜாவாயிற்று. சோதித்த ஆண்டைக் காட்ட ஓர் எழுத்தும், செய்தவரைக் காட்டத் தலைப்பெழுத்துகளும் உண்டு.

எங்கள் கரண்டியில் சிங்கம் இல்லை. சிறு கேடயங்களுக்குள் இ, பி, என், எஸ் என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. நிக்கல் சில்வரின் மீது மின்முலாம் பூசப்பட்டது என்பதே அதன் விரிவு. பர்மிங்காமில் எல்கிங்டன் 1840இல் காப்புரிமை பெற்ற முறை இது. பொட்டாசியம் சயனைடு கலந்த வெள்ளிக் கரைசலில் கரண்டியை எதிர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் மெல்லிய வெள்ளிப் படலம் அதன்மேல் படியும். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. நம் கடைவீதியில் 'ஜெர்மன் சில்வர்' என்பது இதைத்தான். பெயரில் உள்ள சில்வர் பொருளில் ஒரு துளியும் இல்லை.

எழுத்தைப் படித்த பிறகும் என் மனம் கேட்கவில்லை. பேராசிரியரிடம் அனுமதி பெற்று ஆய்வகத்தில் ஒரு கரண்டியை நிறுத்தேன், 74 கிராம். நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுத்தபோது 8.5 கிராம் குறைந்தது. அப்படியானால் ஒப்படர்த்தி 8.7. 925 வெள்ளியாக இருந்தால் சுமார் 10.4 வரவேண்டும், அதாவது 7.1 கிராம்தான் குறைந்திருக்க வேண்டும். மூன்று முறை நிறுத்தேன். விடை மாறவில்லை.

"அப்போ அந்தம்மா பொய் சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டார். இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் வழக்கில் சாப்பாட்டு மேசையின் கரண்டி, கத்தி எல்லாவற்றையும் சேர்த்துச் 'சில்வர்' என்பதுண்டு, முலாம் பூசியதானாலும் சரி. நாம் மட்டும் என்ன, இரும்பும் குரோமியமும் கலந்த எவர்சில்வர் குடத்தைச் 'சில்வர் குடம்' என்றுதானே சொல்கிறோம்?

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. விபூதியால் தேய்க்கும்போது கறுப்போடு வெள்ளியும் சிறிது போகிறது. விசிறியின் மேடான ஓரங்களில் முலாம் போய் மஞ்சள் சாயலான உலோகம் தெரிவது அதனால்தான். அலுமினியச் சட்டியில் சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி, கரண்டி சட்டியைத் தொடும்படி வைத்தால் கந்தகம் அலுமினியத்திடம் போய்விடும். வெள்ளி வெள்ளியாகவே தங்கும். பொங்கல் விடுமுறையில் இதைச் செய்து காட்டினேன். கரண்டி கண்ணெதிரே வெளுத்ததைப் பார்த்த அம்மா, "இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். மீதி ஐந்தையும் அவரே சட்டியில் போட்டார்.