0.07 என்றே எழுது

அன்புள்ள கயல்,

கட்டுரை வரைவு வந்தது, நிதானமாகப் படித்தேன். நீ கேட்டது ஒரே கேள்விதான். பி மதிப்பு 0.07 என்று நிற்கிறது, 'குறிப்பிடத்தக்கது' என்று சொல்லும் எல்லையைக் கொஞ்சம் தாண்டி. "இன்னும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார், இல்லையென்றால் ரொம்ப மெதுவாகப் பதில் சொன்ன பிள்ளைகளை எடுத்துவிட்டுப் பார்" என்கிறார் உன் கைடு. செய்யலாமா என்கிறாய். செய்யாதே. ஏன் என்று ஃபோனில் சொன்னால் "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் பரிசோதனை. திரையில் ஒரு நிறப்பெயர் வருகிறது. அதைப் படிக்காமல், அது எந்த நிற எழுத்தில் இருக்கிறது என்பதை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும். 'பச்சை' என்ற சொல் சிவப்பு எழுத்தில் வந்தால் 'சிவப்பு' என்று சொல்ல வேண்டும், நாக்கு தடுமாறும். சொல் சில முறை தமிழில், சில முறை ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர்களையும் ஆங்கிலவழியில் படித்தவர்களையும் எந்த மொழிச் சொல் அதிகம் தடுமாற வைக்கிறது என்று பார்த்திருக்கிறாய். நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி, கேட்டுவிட்டாய். சந்தோஷம்.

இந்த வகைப் பரிசோதனைக்குப் பெயர் தந்த ஸ்ட்ரூப்பின் 1935ஆம் ஆண்டுக் கட்டுரையை மூலத்தில் படித்திருக்கிறாயா? பாடப்புத்தகத்தில் வரும் அரைப் பக்கத்தைச் சொல்லவில்லை. நாஷ்வில்லில் இருந்த ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு அது. வெறும் வண்ணக் கட்டங்களாக 100 நிறங்களைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 வினாடி ஆனது. அதே வேலையை, முரணான நிறப்பெயர்கள் மேல் செய்யச் சொன்னபோது 110.3 வினாடி. அவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குப் புள்ளியியலே தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். (பிறகு அவர் பைபிள் போதிக்கப் போய்விட்டார், தன் பெயரில் உலகம் முழுக்கப் பரிசோதனை நடப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அது ஒரு கொடுப்பினை.)

உன் கேள்வி அப்படிப்பட்டதல்ல. தமிழ்ச்சொல் தரும் தாமதத்துக்கும் ஆங்கிலச்சொல் தரும் தாமதத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு குழுவில் எவ்வளவு, மற்றதில் எவ்வளவு? வித்தியாசத்தின் வித்தியாசம், அதுவும் மில்லி வினாடிகளில். அதைப் பிடிக்க நீ எடுத்த 64 பேர் போதாது. அங்கே 0.07 வருவதில் ஆச்சரியம் இல்லை. 0.03 வந்திருந்தாலும் நான் உடனே நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது அந்தப் பத்துப் பேர் விஷயம். 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் மூவரும் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு பீட்டில்ஸின் 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைப் போட்டார்கள், சிலருக்கு விண்டோஸ் 7 கணினியோடு வரும் ஒரு இசைத்துண்டை. பீட்டில்ஸ் கேட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை வயது இளையவர்கள் என்று முடிவு வந்தது. இளமையாக உணர்ந்தார்கள் என்பதல்ல, பிறந்த தேதிப்படியே இளையவர்கள்! பி மதிப்பு 0.04. கணக்கில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அளந்தவை பல, சொன்னவை சில. மூன்றாவதாக இன்னொரு பாட்டும் போட்டிருந்தார்கள், அதைக் கட்டுரையில் விட்டுவிட்டார்கள். அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்தார்கள். நடுநடுவே முடிவை எட்டிப் பார்த்து, எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். இத்தனையும் செய்தோம் என்று அதே கட்டுரையில் அவர்களே போட்டு உடைத்தார்கள். அதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே.

அதோடு கணினியில் ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார்கள். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோது 100க்கு 5 முறை மட்டுமே தவறான 'கண்டுபிடிப்பு' வர வேண்டும். குழுவுக்கு 20 பேரில் முடிவைப் பார்த்துவிட்டு, வராவிட்டால் இன்னும் 10 பேரைச் சேர்த்தால் அது 7.7 ஆகிறது. இப்படி நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால் 60.7. நாணயத்தைச் சுண்டினால்கூட 50தான். விரும்பிய எடை வரும்வரை படிக்கல்லை மாற்றிக்கொண்டே இருக்கும் கடைக்காரரிடம் நாம் காய் வாங்குவோமா?

உன் கைடு மேல் கோபப்படாதே. எங்கள் தலைமுறைக்கு இதை 'டேட்டாவைச் சுத்தம் செய்வது' என்றே கற்றுக்கொடுத்தார்கள், உலகம் முழுக்க அப்படித்தான். அதன் விலை 2015இல் தெரிந்தது. பெரிய இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் திரும்பச் செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் 'குறிப்பிடத்தக்க முடிவு' சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது அது 36 சதவீதம். மெதுவாகப் பதில் சொன்ன பிள்ளைகளை நீக்குவது தப்பே இல்லை. எந்த அளவுக்கு மேல் நீக்குவது என்பதை, முடிவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நீ எழுதி வைக்கவில்லை. ஆகவே இந்த டேட்டாவில் அந்த உரிமை உனக்குப் போய்விட்டது.

வரைவில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, 0.07ஐவிடப் பெரியது. 'தமிழ்ச்சொற்களே எல்லாரையும் அதிகம் தடுமாற வைத்தன' என்று முதல் முடிவாக எழுதியிருக்கிறாய். ஆனால் பதிலும் தமிழில்தானே சொல்லச் சொன்னாய்? திரையில் வரும் சொல்லும் நாம் தரும் பதிலும் ஒரே மொழியில் இருந்தால் தடுமாற்றம் அதிகம் என்பதை பிரெஸ்டனும் லாம்பர்ட்டும் 1969லேயே காட்டிவிட்டார்கள். இந்தத் துறை தெரிந்த ரிவியூவர் முதல் பத்தியிலேயே அதைக் கேட்பார். பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வைத்து இரண்டாவது பரிசோதனை செய்யாமல் இதற்கு விடை கிடையாது.

ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறாய். நான்கு நிறங்களும் எல்லா நிலைகளிலும் சம எண்ணிக்கையில் வருகின்றன. மைக் குரலைப் பிடிக்கும் நேரம் முதல் எழுத்தைப் பொறுத்து மாறும். 'சிவப்பு' காற்றோடு தொடங்குகிறது, 'பச்சை' வெடித்துத் தொடங்குகிறது, கருவிக்கு இரண்டும் ஒன்றல்ல. நீ சமப்படுத்தியதால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்து அடிபட்டுப் போகிறது. இதை ஏன் கட்டுரையில் எங்கேயும் சொல்லவில்லை? முறையியல் பகுதியில் ஒரு வரி போடு.

ஆக, செய்ய வேண்டியது இது. இப்போது கையில் இருப்பது முதல் பரிசோதனை. 64 பேர், 0.07, ஒன்றையும் நீக்காமல் அப்படியே எழுது. 'குறிப்பிடத்தக்க நிலையை நெருங்குகிறது' என்ற வாக்கியத்தை அடித்துவிடு. எந்தப் பக்கமிருந்து நெருங்குகிறது என்று அதற்கே தெரியாது. இரண்டாவது பரிசோதனையை 'ரெஜிஸ்டர்ட் ரிப்போர்ட்' ஆகக் கொடு. 'கார்ட்டெக்ஸ்' இதழ் 2013இல் தொடங்கிய வழி, இப்போது நூற்றுக்கணக்கான இதழ்களில் இருக்கிறது. கேள்வி, முறை, எத்தனை பேர், யாரை நீக்குவது, எந்தக் கணக்கு என்பதையெல்லாம் டேட்டா எடுக்கும் முன்பே இதழுக்கு அனுப்புவாய். ரிவியூவர்கள் அதை மட்டும் படித்துத் திருத்துவார்கள். ஒப்புக்கொண்டால், சொன்னபடி செய்திருக்கும்வரை, முடிவு எதுவானாலும் வெளியிடுவார்கள். 2021இல் ஒரு ஒப்பீடு வந்தது. உளவியலில் வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் கருதுகோள் சரி என்றன, இந்த வழியில் வந்தவற்றில் 44 சதவீதம். இரண்டாவது எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு நம் துறை மேல் மரியாதை திரும்பியது.

இதில் கஷ்டமும் உண்டு. முதல் கட்ட ரிவியூவுக்கே மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நீ டேட்டா எடுக்கக் கூடாது. ஃபெலோஷிப் முடியும் தேதியை வைத்துக் கணக்குப் போடு. நேரம் இல்லையென்றால் திட்டத்தை ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற இணையதளத்தில் தேதியோடு பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்கு. அது பாதிக் கவசம்தான், ஆனாலும் கவசம்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மெயில்களைத் திறக்காதே. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யூஜிசி 2022இல் எடுத்துவிட்டது. உன் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள், சீனியர்கள் வாய்வார்த்தை வேண்டாம். ஆசிரியர் பட்டியலில் யார் பெயர், எந்த வரிசை என்பதையும் இப்போதே பேசிவிடு. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

ரிவியூ பற்றி உனக்கு இருக்கும் பயமும் பக்தியும் இரண்டுமே அதிகம். பீட்டர்ஸ், செசி என்ற இருவர், பெயர் பெற்ற உளவியல் இதழ்களில் ஏற்கெனவே வந்த 12 கட்டுரைகளை எடுத்தார்கள். எழுதியவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவை வெளிவந்த அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். இதழ்க்காரர்கள் மூன்றை மட்டும் கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டை நிராகரித்தார்கள், பெரும்பாலும் முறையியலில் கடுமையான குறை என்று காரணம் சொல்லி. 1982இல் வெளியான கதை இது. பெயரில்லாத கல்லூரியிலிருந்து எழுதும் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜான் கார்சியாவையும் தெரிந்துகொள். எலி இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிறகு நோய்ப்பட்டால் இனிப்பைத்தான் வெறுக்கிறது, கூட வந்த ஒளியையும் ஒலியையும் அல்ல. மின்னதிர்ச்சி கொடுத்தால் நேர்மாறு. அன்றைய கற்றல் கோட்பாட்டுக்கு இது ஒத்துவரவில்லை. பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. 1966இல் 'சைக்கனாமிக் சயின்ஸ்' என்ற சின்ன இதழில் வந்தது. 1979இல் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்கு உயரிய அறிவியல் விருது கொடுத்தது. உன்னை நிராகரித்தால் நீயும் கார்சியா என்று நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் ரிவியூவர் சொல்வதில் பாதி சரியாக இருக்கும். அந்தப் பாதியைத் திருத்து. மற்றதற்கு, ஒவ்வொரு குறிப்பையும் எண் போட்டு எழுதி, கீழே உன் பதிலை எழுது. ஒத்துக்கொள்ளாத இடத்தில் காரணத்தோடு மறுத்து எழுது. எடிட்டர் நடுவர், அவர் படிக்கப்போவது அந்தப் பதில் கடிதத்தைத்தான். மெயில் வந்த அன்றே பதில் எழுதாதே.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 'ஏன் தமிழ் மாணவர்கள்? இது பொதுமைப்படுத்தத்தக்கதா?' மிச்சிகன் மாணவர்களை வைத்து எழுதுபவரிடம் இதை யாரும் கேட்பதில்லை. மேற்கத்தியத் தொழில்மய நாடுகளிலிருந்து வந்த ஆட்களே ஆய்வில் 96 சதவீதம் என்று, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களை அலசி ஆர்னெட் 2008இல் எழுதினார். அதை மேற்கோள் காட்டு, ஆனால் மன்னிப்புத் தொனியில் எழுதாதே. ஒரே தெருவில் இரண்டு பயிற்றுமொழிகளில் படித்த பிள்ளைகள் கிடைப்பது உன் ஆய்வின் பலம். முன்னுரையின் முதல் பக்கத்திலேயே அதை வை, வரையறைகள் பகுதியில் ஒளித்து வைக்காதே.

கடைசியாக, உன் ஒப்புதல் படிவத்தின் தமிழ்ப் பிரதியை இன்றிரவே போட்டோ எடுத்து அனுப்பு. பெயர் நீக்கிய டேட்டாவை மற்ற ஆய்வாளர்களோடு பகிர்வோம் என்று அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது நிறைய இதழ்கள் அதைக் கேட்கின்றன. இல்லையென்றால் இரண்டாவது பரிசோதனைக்கு முன் படிவத்தை மாற்றி எத்திக்ஸ் கமிட்டியிடம் திரும்பப் போக வேண்டும். அவர்கள் அடுத்த கூட்டம் எப்போது என்று நாளைக்கே விசாரித்து வை.

அன்புடன்,
பெரியம்மா