மூலிகைகளும் அவற்றின் தொழிற்படு கூறுகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – மேலதிகக் கற்றற் குறிப்பு

1. தொழிற்படு கூறு என்றால் என்ன?

ஒரு தாவரத்தின் இலை, பட்டை, வேர், கிழங்கு ஆகியவற்றில் பெருந்தொகையான இரசாயனச் சேர்வைகள் உள்ளன. அவற்றுள் உடலில் அல்லது நோய்க்கிருமியில் குறித்த மருத்துவ விளைவை ஏற்படுத்தும் சேர்வையே தொழிற்படு கூறு எனப்படும்.

தாவரங்கள் இவற்றை மனிதனுக்காக ஆக்குவதில்லை. பூச்சிகள், தாவரவுண்ணிகள், பங்கசுக்கள் என்பவற்றிடமிருந்து தம்மைப் பாதுகாக்கவே பெரும்பாலும் ஆக்குகின்றன. ஆகவே இவற்றுட் பல சிறிய அளவில் மருந்தாகவும் அளவு கூடியவிடத்து நஞ்சாகவும் தொழிற்படும். இப்பாடத்தில் நினைவில் இருத்த வேண்டிய முதன்மைக் கருத்து இதுவேயாகும்.

நைதரசனைக் கொண்டனவும் பெரும்பாலும் கைப்புச் சுவையுடையனவுமான தாவரச் சேர்வைகள் அற்கலோயிட்டுகள் எனப்படும். குயினைன், மோபீன், வின்கிறிஸ்டீன் என்பன உதாரணங்களாகும்.

2. மனனம் செய்ய வேண்டியவை

(தாவரம் – பகுதி – தொழிற்படு கூறு – பயன்)

• சிங்கோனா – பட்டை – குயினைன் – மலேரியா
• ஆட்டிமீசியா – இலை – ஆட்டிமிசினின் – மலேரியா
• அபினிச்செடி – முற்றாத காயின் பால் – மோபீன் – கடும் வலி
• நித்தியகல்யாணி (பட்டிப்பூ) – இலை – வின்கிறிஸ்டீன், வின்பிளாஸ்டீன் – புற்றுநோய்
• டிஜிற்றாலிசு – இலை – டிஜொட்சின் – இதய நோய்
• கார்த்திகைப்பூ – கிழங்கு, விதை – கொல்கிசீன் – கௌட் எனும் மூட்டு நோய்

குயினைன் 1820 இல் பெலற்றியர், கவன்ரூ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகளால் வேறாக்கப்பட்டது. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861 இல் சிங்கோனாப் பயிர்ச்செய்கைக்காகவே ஆரம்பிக்கப்பட்டது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தினால் சான்றளிக்கப்பட்டது.

3. வேறாக்கும் முறையின் முக்கியத்துவம்

சீனாவில் தூ யூயூ என்னும் விஞ்ஞானி ஆட்டிமீசியாவை ஆராய்ந்தபோது, வெப்பமேற்றிப் பெற்ற சாறு நிலையான பலனைத் தரவில்லை. பழைய மருத்துவ நூலொன்றில் இத்தாவரத்தை நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறப்பட்டிருந்ததை அவர் கவனித்தார். வெப்பம் தொழிற்படு கூறைச் சிதைக்கலாம் என ஊகித்து, ஏறத்தாழ 35 °C இல் கொதிக்கும் ஈதரைக் கரைப்பானாகப் பயன்படுத்தினார். இவ்வாறு பெற்ற சாற்றிலிருந்து 1972 இல் ஆட்டிமிசினின் வேறாக்கப்பட்டது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

4. நித்தியகல்யாணி தந்த பாடம்

நித்தியகல்யாணி நம் வீட்டு முற்றங்களிற் பூக்கும் செடியாயினும் அதன் தாயகம் மடகஸ்கார் ஆகும். இதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1950களில் கனடாவில் நோபிள், பியர் ஆகியோர் இதனை எலிகளிற் சோதித்தனர். எதிர்பார்த்தவாறு குருதியில் குளுக்கோசு குறையவில்லை. மாறாக வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. இந்த அவதானமே வின்பிளாஸ்டீனைக் கண்டுபிடிக்க வழிவகுத்தது.

இக்கூறுகள் கலப்பிரிவின்போது கதிர்நார்கள் உருவாவதைத் தடுக்கின்றன. எனவே விரைவாகப் பிரிவடையும் புற்றுநோய்க் கலங்கள் இறக்கின்றன. சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிறிஸ்டீன் ஏனைய மருந்துகளுடன் சேர்த்து வழங்கப்படுகின்றது. இது நாளத்தினூடாக மாத்திரமே ஏற்றப்படும். ஒரு தடவைக்குரிய அளவு வழமையாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாது.

5. அளவே மருந்து, அளவே நஞ்சு

டிஜொட்சின் மாத்திரை ஒன்றில் 0.25 மில்லிகிராம் அல்லது அதனிலும் குறைந்த அளவே உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் இதே கூறு, அளவு சற்றுக் கூடினாலும் துடிப்பைக் குழப்பிவிடும்.

கொல்கிசீன் மாத்திரை ஒன்றில் 0.5 மில்லிகிராம் அளவு உண்டு. கார்த்திகைப்பூக் கிழங்கை வற்றாளங்கிழங்கு எனத் தவறாகக் கருதி அவித்து உண்டு நஞ்சேற்றமடைந்தவர்கள் இலங்கையில் உள்ளனர். அவித்தல் கொல்கிசீனை அழிப்பதில்லை. சித்த வைத்தியத்திலும் இக்கிழங்கு சுத்தி செய்யப்பட்ட பின்னரே, அளவறிந்து பயன்படுத்தப்படுகின்றது.

ஒரே இனச் செடியாயினும் மண், பருவம், வயது என்பவற்றுக்கேற்ப அதிலுள்ள கூறின் அளவு வேறுபடும். ஒரு பிடி இலையில் எவ்வளவு மருந்து உள்ளது என்பதைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது. கூறை வேறாக்கி நிறுத்து மாத்திரையாக்குவதன் பிரதான பயன் இதுவாகும்.

6. கூறை மாற்றியமைத்தல்

வில்லோ மரப்பட்டையிலுள்ள சலிசினிலிருந்து சலிசிலிக்கமிலம் பெறப்பட்டது. அது வலியைக் குறைத்தாலும் இரைப்பையைப் பெரிதும் உறுத்தியது. 1897 இல் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தில் அது அசற்றைல் சலிசிலிக்கமிலமாக மாற்றப்பட்டது. இதுவே அஸ்பிரின் ஆகும். இவ்வாறே ஆடாதோடை இலையிலுள்ள வசிசீனை அடிப்படையாகக் கொண்டு, சளியை இளக்கும் புரோம்எக்சின் தயாரிக்கப்பட்டது.

கவனிக்க: அஸ்பிரின் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கும். ஆதலால் டெங்கு எனச் சந்தேகிக்கப்படும் காய்ச்சலின்போது அதனை உட்கொள்ளலாகாது. குருதிப்பெருக்கு ஏற்படலாம்.

7. மாதிரி வினா

நீரிழிவு நோயாளி ஒருவர் வைத்தியர் வழங்கிய மாத்திரையை நிறுத்திவிட்டு, நித்தியகல்யாணி இலையை நாள்தோறும் அவித்துக் குடிக்கின்றார்.

(i) இதனால் ஏற்படக்கூடிய இரு அபாயங்களைத் தருக.
(ii) “இது இயற்கையானது, ஆகவே தீங்கற்றது” என்னும் கூற்றை ஓர் உதாரணத்துடன் மறுக்குக.

விடைக் குறிப்பு

(i) மாத்திரையை நிறுத்தியதால் குருதியில் குளுக்கோசு மட்டம் உயர்ந்து சிறுநீரகம், கண் முதலியன பாதிக்கப்படலாம். இலையில் கலப்பிரிவைத் தடுக்கும் அற்கலோயிட்டுகள் உள்ளன. உட்செல்லும் அளவு தெரியாமையால் வெண்குருதிக் கலங்கள் குறைந்து தொற்றுகள் ஏற்படலாம்.

(ii) கார்த்திகைப்பூக் கிழங்கிலுள்ள கொல்கிசீன் இயற்கையானதே. எனினும் அது அளவு கூடியவிடத்து உயிரைப் பறிக்கும்.

இவ்வகை வினாக்களுக்குத் தாவரத்தின் பெயரை மட்டும் எழுதுவது போதுமானதன்று. பகுதி, கூறு, பயன் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுக. வீட்டில் எவரேனும் மருந்தை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிப்பாராயின், அதனை வைத்தியரிடம் தெரிவிக்குமாறு அவருக்கு எடுத்துக் கூறுக.