குத்துச்சண்டை நுட்பம் வளர்ந்துகொண்டே போகிறதா?

குத்துச்சண்டையில் நுட்பம் என்பது நிற்கும் நிலை, கால் நகர்வு, முகத்தையும் விலாவையும் மறைக்கும் கைக்காப்பு, குத்து விடும் முறை, குத்துக்கு விலகும் முறை, எதிராளிக்குப் போக்குக் காட்டும் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்தது. இதை அளக்கக் கருவி கிடையாது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 வினாடியில் ஓடினார், 2009இல் உசேன் போல்ட் 9.58 வினாடியில் ஓடினார் என்றால் கடிகாரமே பேச்சை முடித்துவிடும். குத்துச்சண்டையில் எதிரே ஒருவர் நின்றால்தான் ஒருவருடைய திறமை தெரியும். காலம் மாறும்போது எதிரே நிற்பவரும் மாறிவிடுகிறார். அதனால் இந்த விஷயத்தில் கணக்கைவிட நம்பிக்கைகளே அதிகம் புழங்குகின்றன. 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வெளியான பிறகு தமிழ்நாட்டில் அவை இன்னும் பெருகின.

நம்பிக்கை: ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகிறது.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஏற ஏற உயரம் கூடும். குத்துச்சண்டையின் வரலாறு அப்படி ஏறவில்லை. விதி மாறும்போதெல்லாம் பழைய திறமை ஒன்று பயனற்றுப்போய், வேறொன்று தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வெறுங்கையால் சண்டையிட்டார்கள். எதிராளியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிப் போடவும் அனுமதி இருந்தது. மண்டை ஓட்டில் வெறும் முஷ்டியால் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்துபவரின் விரல் எலும்புதான். எனவே அடி உடம்பையும் தொண்டையையும் நாடியது. கைகளை முன்னால் நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து நின்றதும் பிடியில் சிக்காமல் இருக்கவே. அந்தக் காலத்திலேயே டேனியல் மெண்டோசா பக்கவாட்டில் நகர்ந்தும் குனிந்தும் தன்னைவிடப் பருத்த ஆட்களை வீழ்த்தினார். குத்துச்சண்டைக் கலை பற்றி 1789இல் நூலும் வெளியிட்டார். 1795இல் ஜான் ஜாக்சன் அவருடைய நீண்ட முடியைப் பற்றிக்கொண்டு குத்தித்தான் பட்டத்தைப் பறித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை!

1867இல் வந்த குவீன்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின, மல்யுத்தப் பிடிகளை விலக்கின, மூன்று நிமிட ரவுண்டையும் ஒரு நிமிட ஓய்வையும் வகுத்தன. பழைய முறையில் ஒருவர் கீழே விழுந்தால்தான் ரவுண்டு முடியும். 1889இல் ஜான் எல். சல்லிவன் ஜேக் கில்ரெய்னை 75 ரவுண்டு வெறுங்கையால் அடித்து வென்றார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1892இல் நியூ ஆர்லியன்ஸில் கிளவுஸ் அணிந்து நின்ற அதே சல்லிவனை ஜேம்ஸ் கார்பெட் எட்டி நின்று ஜாப் எனும் நேர்க்குத்து விட்டும் விலகியும் களைக்க வைத்து, 21ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். மூன்று ஆண்டில் மனித உடலோ மூளையோ மேம்பட்டுவிடவில்லை. கார்பெட்டின் பாணிக்கு இடம் கொடுக்கும் விதிகள் வந்திருந்தன, அவ்வளவுதான்.

கிளவுஸின் எடையும் இதே வேலையைச் செய்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்முறைச் சண்டைகளில் ஐந்து அவுன்ஸ் கிளவுஸ் சகஜம். இன்று எடைப்பிரிவைப் பொறுத்து எட்டு அல்லது பத்து அவுன்ஸ். பெரிய கிளவுஸை நெற்றிக்கு உயர்த்தினால் சுவர்போல மறைக்கும். சின்ன கிளவுஸில் இடுக்கு வழியே குத்து உள்ளே வந்துவிடும் என்பதால் பழைய வீரர்கள் குத்தை உள்ளங்கையால் தட்டிவிடவும், தோளால் வாங்கி உருட்டிவிடவும், முன்கைகளைக் குறுக்கே வைத்துத் தாங்கவும் பழகினார்கள்.

நம்பிக்கை: பழைய படச்சுருளைப் பார்த்தாலே தெரிகிறது, அந்தக் கால வீரர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மௌனப்பட கேமராவைக் கையால் சுழற்றி, வினாடிக்கு ஏறக்குறைய 16 முதல் 18 பிரேம் வரை பதிவு செய்தார்கள். அதை 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைபோல் துள்ளுவார்கள். நிதானமான ஓர் அரையடி நகர்வுகூட உதறலாகத் தெரியும். 1906இல் நெவாடாவின் கோல்டுஃபீல்டில் ஜோ கான்ஸும் பேட்லிங் நெல்சனும் மோதிய சண்டையின் படம் இருக்கிறது. சரியான வேகத்தில் பார்த்தால் கான்ஸின் கையில் வீண் அசைவே இல்லை: குத்து வரும் கோட்டிலிருந்து தலை சில அங்குலம் மட்டும் விலகுகிறது, அந்த இடைவெளியிலேயே பதில் குத்து போகிறது. ஒருவர் வீழும்வரை நடத்துவதாக ஒப்புக்கொண்ட அந்தச் சண்டை 42 ரவுண்டு நீண்டது. அவ்வளவு நேரம் நிற்க வேண்டியவர்கள் அடிக்கடி கட்டிப் பிடித்து மூச்சு வாங்கியதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்பிக்கை: ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் வரும் ‘டான்சிங் ரோஸ்’ மாதிரி 1970களில் யாரும் ஆடியிருக்க முடியாது, வடசென்னைப் பரம்பரைச் சண்டை முரட்டு அடிதான்.

திருத்தணியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் ரயில் பெரம்பூர், வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாகப் போகிறது. அந்த ரயிலில் வருகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக் கடக்கும் இந்த வடசென்னைப் பகுதிதான் தமிழ்நாட்டுக் குத்துச்சண்டையின் தாய்மண். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் போன்ற பரம்பரைகள் வாத்தியாரை நடுவில் வைத்துக் கட்டப்பட்ட பயிற்சி மரபுகள். கிளவுஸ், ரவுண்டு, புள்ளி எல்லாம் ஆங்கிலேயர் கொண்டுவந்த குத்துச்சண்டையின் முறைப்படியே. முரட்டுத்தனம் ரிங்குக்கு வெளியே, ஆதரவாளர்களுக்கு நடுவில் மூண்ட தகராறுகளில்தான் அதிகம்.

படத்தில் ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து ஆடுவது 1995இல் உலகப் பட்டம் வென்ற பிரிட்டிஷ் வீரர் நசீம் ஹமீதை நினைவூட்டுவது உண்மை. ஆனால் பாணி ஹமீதோடு பிறந்தது அல்ல. அர்ஜென்டினாவின் நிக்கோலினோ லோச்சே கைகளை இறக்கிவைத்துத் தலையை மட்டும் அசைத்தே எதிராளியின் குத்துகளைத் தவறச் செய்வார். 1968 டிசம்பரில் டோக்கியோவில் அவரோடு மோதிய பால் ஃபுஜி, அடிக்க ஆள் அகப்படாத சலிப்பில், பத்தாவது ரவுண்டுக்கு ஸ்டூலைவிட்டு எழவே இல்லை.

முகமது அலியையும் இங்கே சேர்க்க வேண்டும். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை ஆடிய அலியை வடசென்னை கொண்டாடியது. பாடப்புத்தகக் கணக்கில் அவர் தப்புகளின் தொகுப்பு: கை தாழ்ந்திருக்கும், குத்து வந்தால் தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார், உடம்பில் குத்துவது அபூர்வம். வேகம் இருந்தவரை எடுபட்டது. 1971 மார்ச் 8 அன்று, 15ஆவது ரவுண்டில், ஜோ ஃபிரேசியரின் இடது ஹூக் (வளைந்து வரும் குத்து) அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாக வந்து அவரைத் தரையில் சாய்த்தது. அவருக்கு முந்தைய தலைமுறையின் எசார்டு சார்லஸும் ஆர்ச்சி மூரும் அலியைவிடச் சுத்தமான நுட்பக்காரர்கள்.

நம்பிக்கை: ஒலிம்பிக் குத்துச்சண்டையில் நுட்பம் எப்போதும் ஒரே சீராக வளர்கிறது.

1988 சியோலில் ராய் ஜோன்ஸ் தோற்றதாக வந்த தீர்ப்பு பெரிய ஊழலாக வெடித்தது. அதையடுத்து 1992 பார்சிலோனாவில் பட்டன் முறை வந்தது: ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு வினாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. விலாவில் விழும் குத்து ஒரே நேரத்தில் மூன்று பேர் கண்ணில் படுவது கஷ்டம். தொடர்ந்து நான்கு குத்து விட்டாலும் விரல் ஒருமுறைதான் அழுந்தும். கணக்கு புரிந்த வீரர்கள் தூரத்திலிருந்து பாய்ந்து ஒரே ஒரு நேர்க்குத்தை முகத்தில் பதித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பார்சிலோனாவில் ஆடி, 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற சென்னை வி. தேவராஜனும் இந்தக் கணக்குக்குள்தான் விளையாட வேண்டியிருந்தது. 2013இல் ரவுண்டு முழுவதையும் பார்த்து மதிப்பிடும் பத்துப் புள்ளி முறை வந்தது. ஆண்கள் பிரிவில் ஹெட்கார்டும் போனது. தொடர்குத்துக்கும் உடம்புக் குத்துக்கும் மறுபடி விலை வந்தது.

நம்பிக்கை: பழையவர்களே கலைஞர்கள்; இன்று எல்லாம் தொலைந்துவிட்டது.

இது முதல் நம்பிக்கையைத் தலைகீழாகப் பிடித்தது. தொலைந்தவை உண்டு. வில்லி பெப் 241 சண்டைகளும் சுகர் ரே ராபின்சன் ஏறத்தாழ 200 சண்டைகளும் ஆடினார்கள். ஃபிளாய்ட் மேவெதர் ஆடியது 50. ரிங்கிலேயே கற்கும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறைந்துவிட்டது. 1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ, 14ஆவது ரவுண்டில் வீழ்ந்து சில நாளில் இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் 15இலிருந்து 12 ரவுண்டாகச் சுருங்கின. கடைசி மூன்று ரவுண்டுக்கு மூச்சைச் சேமித்து ஆடும் வித்தை அதோடு போயிற்று. ஆனால் மேவெதரின் தோள்-உருட்டல் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சரக்கு. அது அழியாமல் வந்து சேர்ந்திருக்கிறது. உக்ரைனின் லோமசென்கோ சிறுவயதில் தந்தை சொற்படி நாட்டுப்புற நடனம் பயின்றவர். எதிராளியின் பக்கவாட்டுக்குச் சுற்றிப் போய்க் குத்தும் அவருடைய கால் வேலை எந்தக் காலத்திலும் வியப்பாகவே இருந்திருக்கும்.

மகளிர் குத்துச்சண்டையில் மட்டும் ‘ஏறுமுகம்’ என்ற பேச்சு பெருமளவு பொருந்தும். அங்கே முதல் உலகப் போட்டியே 2001இல்தான் நடந்தது. மேரி கோம் அதில் வெள்ளி வென்றார். 2012 லண்டனில் ஒலிம்பிக் கதவு திறந்தபோது பெண்களுக்கு மூன்றே எடைப்பிரிவுகள், அதனால் 48 கிலோவில் ஆடிவந்த மேரி கோம் 51 கிலோவுக்கு ஏறி வெண்கலம் வாங்க வேண்டியிருந்தது. 2024 பாரிஸில் பிரிவுகள் ஆறு. ஆட்களும் போட்டிகளும் பயிற்சியாளர்களும் இருபது ஆண்டுகளில் பெருகியதன் பலன், தெலங்கானாவின் நிஜாமாபாத்திலிருந்து வந்து 2022, 2023 என இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற நிகத் ஜரீனின் ஜாபிலும் கால் நகர்விலும் தெரிகிறது.