மாலையில் ஒரு பெயர்

காரைக்குடிக்கு அருகில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றுகிறேன். 3, 4, 5ஆம் வகுப்புகள் என் பொறுப்பு. மொத்தம் 17 பேர். பேருந்தை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடக்கும் வழியில் இரண்டு தெரு நீளத்துக்குப் பெரிய வீடுகள். பாதி பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு வீட்டுத் திண்ணையைக் காட்டி, "இங்கினதான் எங்க அய்யா பள்ளிக்கூடம் படிச்சாக" என்று ஓர் ஆச்சி சொன்னார். அதன் பிறகுதான் திண்ணைப் பள்ளிகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் வியப்பளித்தது விடுமுறை. அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கு வேலையில்லை. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் அஷ்டமி என நிலவைப் பார்த்துத்தான் விடுமுறை. 'உவா' என்ற பழஞ்சொல் மருவி, அந்த நாட்களுக்கு 'வாவு' என்று பெயர். நாட்காட்டியைக் கொடுத்து வாவு நாட்களை எண்ணச் சொன்னேன். "நமக்குத்தான் டீச்சர் லீவு அதிகம்" என்று ஐந்தாம் வகுப்பு கண்டுபிடித்துச் சொன்னது. சனிக்கிழமையும் சேர்ந்துவிடுகிறதே!

மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவார்கள். வாத்தியாருக்கு உதவியாக மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருப்பான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அவருடைய முறை இங்கிலாந்துக்குப் போய் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

எனக்குப் பயன்பட்டது வேறொன்று. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தாம் படித்த திண்ணைப் பள்ளியை விவரிக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவாராம். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு ஜூலையில் இதைத் தொடங்கினேன். திங்கள் பூ, செவ்வாய் பறவை, புதன் மரம், வியாழன் ஊர். முதல் வாரம் படுதோல்வி. அன்றில், குறிஞ்சி என்று நானே புத்தகத்தில் மட்டும் பார்த்த பெயர்களைக் கொடுத்தேன். நன்றாகப் படிப்பவர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் விழித்தார்கள். மறந்தவர்களை நிற்க வைத்தேன். பிரம்பு இல்லை என்பதைத் தவிர, பழைய வாத்தியாருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பள்ளிக்கே வரவில்லை.

அடுத்த வாரம் முறையை மாற்றினேன். பெயரை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது கேட்டு, அதைப் பற்றி ஒரு செய்தியோடு வர வேண்டும். மறந்தால் தண்டனை இல்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டால் போதும்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெற்றோர் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள்; அவள் அப்பத்தாவோடு இருக்கிறாள். எழுத்துகள் தெரியும், ஆனால் வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கு ஆவாரம்பூ கொடுத்திருந்தேன். மறுநாள் ஒரு கொத்துப் பூவோடு வந்து நின்றாள். "பொங்கலுக்கு முத நாளு வேப்பிலை, கண்ணுப்பிள்ளையோட சேத்துக் கூரையில செருகுவாகளாம்." அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். தன் வாக்கியத்தை அவளே விரல் வைத்து வாசித்தாள். இப்போது ஒரு பத்தியைத் திக்கித் திணறியாவது முடித்துவிடுகிறாள்.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. ஒரு பையனின் வீட்டில் பெரியவர்கள் திரும்ப இரவாகிவிடும், கேட்க ஆளில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். காலை உணவு சமைக்கும் அக்காவிடம் கேட்டு வரச் சொன்னேன். பாடப் புத்தகத்தில் அவன் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் காலையில் முதல் ஆளாக வந்துவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை கணக்கு. அந்த ஆச்சி வீட்டிலிருந்து பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வந்தோம். மணலை அளந்து பார்த்தார்கள்: படியில் பாதி உரி, கால் உழக்கு, அரைக்கால் ஆழாக்கு. "உழக்கும் ஆழாக்கும் சேந்தா முக்காலா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். மூன்று ஆழாக்கு என்று கண்டு, எட்டில் மூன்று என்று அவனே எழுதினான். இதற்குக் கீழே மாகாணி, காணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரை எண்சுவடியில் மனப்பாடம் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறிய செட்டிநாட்டுச் சிறுவனுக்கு வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருந்தாக வேண்டும். அதனால் அந்த மனப்பாடத்துக்கு ஒரு பயன் இருந்தது. பயன் தெரியாத மனப்பாடத்தை நானும் பிள்ளைகளிடம் கேட்பதில்லை.

திண்ணைப் பள்ளியைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், ஏறக்குறைய 1,88,000 மாணவர்கள் என்று கணக்கு இருக்கிறது. அதில் பெண்கள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. என் வகுப்பில் 10 பேர் பெண் பிள்ளைகள். அந்தத் திண்ணையில் இவர்களில் யாரை ஏற்றியிருப்பார்கள்? சாதியையும் சேர்த்துப் பார்த்தால் பையன்களிலும் பலர் வெளியில்தான் நின்றிருப்பார்கள்.

பெயர்களை ஒரு பெரிய நோட்டில் எழுதி வருகிறோம். கரிச்சானும் இரட்டைவால் குருவியும் ஒன்றுதான் என்பது ஒரு வாரச் சண்டைக்குப் பிறகு முடிவாயிற்று. போன வியாழக்கிழமை காரைக்குடி வந்தது. காரைச் செடியால் வந்த பெயர் என்று நாலைந்து பேர் வீட்டில் கேட்டு வந்து சொன்னார்கள். "காரைச் செடி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அடையாளம் காட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். கண்மாய்ப் பக்கம் ஆடு மேய்க்கும் தாத்தாவிடம் கேட்டு ஒரு கிளையாவது கொண்டு வருவதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.