எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி?

கருவியும் கருவியும் தமக்குள் பேசிக்கொள்ளும் காலம் இது. தொட்டியின் நீர்மட்டத்தையும் ஆய்வகத்தின் வெப்பநிலையையும் உணரிகள் அளந்து அனுப்ப, அவற்றை வரைபடமாகக் காட்டும் திரையை டாஷ்போர்டு என்கிறோம். இதனை அமைக்கப் புகும் மாணவர் பலரும் முதலில் காண்பது "அனுமதி இல்லை" என்னும் ஒற்றை வரியே. அவ்வரிக்குரிய காரணங்களை நான் பயின்று அறிந்த அளவில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதற்கண் அமைப்பினை அறிதல் வேண்டும். உணரி தன் அளவை மொஸ்கிட்டோ என்னும் தரகர் நிரலுக்கு அனுப்புகிறது. நோட்-ரெட் அதனைப் பெற்று இன்ஃப்ளக்ஸ்டிபி 2 என்னும் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. கிராஃபனா அங்கிருந்து எடுத்துக் காட்டுகிறது. பூட்டுகள் பல; சாவிகளும் பல. கிராஃபனாவில் நுழையும் கடவுச்சொல் தரவுத்தளத்தைத் திறக்காது. எனவே, மறுத்தது எது என்பதே முதல் வினா.

தரகரின் மொழி எம்.க்யூ.டி.டி. ஆகும். 1999ஆம் ஆண்டில் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் இதனை வகுத்தனர். இதன் 3.1.1 பதிப்பில் தரகரின் விடை எண்ணாக வரும். 0 எனில் ஏற்பு. 4 எனில் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 5 எனில் உரிமை இல்லை. ஆனால் கடவுச்சொல் பிழைத்தாலும் மொஸ்கிட்டோ 5 என்று சொல்வதுண்டு. ஆதலின் எண்ணை மட்டும் நம்பாமல் தரகரின் பதிவேட்டையும் பார்த்தல் நன்று.

இங்கு நேரும் பிழைகளுள் ஒன்று வியப்பானது. கடவுச்சொல் கோப்பை உருவாக்கும் கட்டளையில் 'சி' என்னும் குறியைச் சேர்த்தால் கோப்பு புதிதாகப் பிறக்கும். இரண்டாம் பயனரைச் சேர்க்கும்போதும் அக்குறியை இட்டால் முதற்பயனர் அழிந்துபோவார். நேற்றுவரை இயங்கிய உணரி இன்று மறுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோப்பை மாற்றியபின் தரகர் அதனை மீண்டும் படிக்கச் செய்யாவிடில் பழைய கோப்பே ஆளும்.

தரவுத்தளம் டோக்கன் என்னும் நீண்ட எழுத்துக்கோவையைக் கேட்கும். எழுதும் உரிமையும் படிக்கும் உரிமையும் தனித்தனியே தரத்தக்கவை. டாக்கர் வழி நிறுவுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: அமைப்புக் கோப்பில் தரும் தொடக்கக் கடவுச்சொல் முதல்முறை மட்டுமே பயன்படும். சேமிப்பிடம் முன்பே இருப்பின், கோப்பில் எத்தனை முறை மாற்றினும் பழைய சொல்லே செல்லும்.

இத்தனையும் ஆராயப் பொறுமையின்றி, "பெயரிலார் எவரும் வரலாம்" என்று பூட்டையே கழற்றிவிடுவோர் உண்டு. மொஸ்கிட்டோ 2.0 பதிப்பு 2020இல் அவ்வழியை இயல்பாக அடைத்தது. விரும்பினால் திறக்கவும் இயலும். திறந்தால், அவ்வலையில் உள்ள எவரும் பொய்யளவை அனுப்பலாம். மோட்டார் இணைந்திருப்பின் அதனை ஓட்டவும் செய்யலாம். அனைத்துரிமை டோக்கனை உணரியில் வைப்பதும் அத்தகையதே. உணரி களவுபோனால் தரவுத்தளமே போயிற்று.

ஆகவே நண்பர்களே, தரகர், தரவுத்தளம், திரை என்று வரிசையாக ஒவ்வொன்றையும் தனியே சோதிப்போம். ஒவ்வொன்றுக்கும் தேவையான உரிமையை மட்டும் தருவோம். சாவியைத் தேடுவதே பழுதுபார்த்தல். பூட்டை உடைப்பது அன்று.