ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்க என்ன போடுவீர்கள்?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்து மருந்து நிறுவனங்களின் தொகுப்பு ஆய்வகங்களுக்கு நேர்காணல் போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். பலரும் "பி.சி.சி." என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தவறில்லை. ஆனால் "மூலக்கூறில் வேறு என்ன தொகுதிகள் இருக்கின்றன, எத்தனை கிராம் செய்யப்போகிறோம்?" என்று திருப்பிக் கேட்பவரைத்தான் நான் வேலைக்கு எடுப்பேன். வினைசெயல் தொகுதியை மாற்றுவது தேர்வு எழுதிய எல்லோருக்கும் தெரியும். மற்ற தொகுதிகளைத் தொடாமல் மாற்றுவதற்குத்தான் சம்பளம்.

இந்த ஒரு மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். ஜோன்ஸ் வினைக்காரணி போட்டால் ஓரிணைய ஆல்கஹால் ஆல்டிஹைடில் நிற்காது, அமிலம் வரை போய்விடும். காரணம் தண்ணீர்: ஆல்டிஹைடு நீரோடு சேர்ந்து ஹைட்ரேட் ஆகிறது, அந்த ஹைட்ரேட்டுக்கு மறுபடி ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. 1975இல் கோரியும் சக்ஸும் கொண்டுவந்த பி.சி.சி.யை (பிரிடினியம் குளோரோகுரோமேட்) உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் போடுவது இதைத் தவிர்க்கத்தான். ஆனால் அது லேசான அமிலத்தன்மை உடையது. சிலைல் ஈதர் போன்ற பாதுகாப்புத் தொகுதி இருந்தால் சோடியம் அசிட்டேட்டும் சேர்க்க வேண்டும். முடிவில் குடுவையில் ஒட்டும் கருப்புப் பிசினைச் செலைட்டில் வடிகட்டியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். அதைவிட முக்கியம், ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் காரணி. அதன் கழிவை எந்த ஆலையும் விரும்பாது.

ஸ்வெர்ன் முறையில் உலோகமே இல்லை. ஆனால் மைனஸ் 78 டிகிரி வேண்டும். டைமெத்தில் சல்ஃபைடு நாற்றம் தளம் முழுக்கப் பரவும். கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். டெஸ்–மார்ட்டின் மென்மையானது, சில நூறு மில்லிகிராமுக்கு அதுவே போதும், விலைதான் கடிக்கும். அளவு பெரிதானால் டெம்போவும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் நல்ல தேர்வு: மலிவு, சுமார் 0 டிகிரி, மிஞ்சுவது பெரும்பாலும் உப்பு. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்போ எலக்ட்ரான் வளமிக்க அரோமேட்டிக் வளையமோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். குளோரின் அங்கே போய் ஏறிக்கொள்ளலாம்.

ஒடுக்கத்திலும் இதே கணக்குதான். சோடியம் போரோஹைட்ரைடு ஆல்டிஹைடையும் கீட்டோனையும் ஒடுக்கும், எஸ்டரை அநேகமாக விட்டுவிடும். எல்.ஏ.எச். (லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு) இவற்றோடு எஸ்டர், அமிலம், அமைடு என்று எதையும் விட்டுவைக்காது. எஸ்டரை விட்டுவிட்டு அமிலத்தை மட்டும் ஒடுக்க வேண்டுமென்றால், போரேன்.

நைட்ரோவை அமீனாக்க ஹைட்ரஜனும் பல்லேடியம்–கார்பனும் என்பது மனப்பாடப் பதில். வளையத்தில் புரோமின் இருந்தால் அதுவும் கழன்றுபோகலாம், பென்சைல் பாதுகாப்பும் போய்விடும். அப்போது கைகொடுப்பது பழைய இரும்புத்தூளும் அம்மோனியம் குளோரைடும். பல்லேடியம் மருந்தில் தங்கிவிட்டால் அதற்கும் வரம்பு உண்டு: ஐ.சி.எச். வழிகாட்டுதலின்படி வாய்வழி மருந்தில் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். வடிகட்டிய பல்லேடியம்–கார்பனைக் காய விடாதீர்கள். காயும்போது காற்றுப் பட்டால் மிஞ்சிய மெத்தனாலோடு தீப்பிடிக்கும்.

அசைடு வழியாக அமீனுக்குப் போகிறீர்கள் என்றால், சோடியம் அசைடையும் டைகுளோரோமீத்தேனையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. வெடிக்கும் டைஅசைடோமீத்தேன் உருவாகும். ஒர்க்-அப்பில் பழக்கதோஷத்தில் கை அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும், எத்தில் அசிட்டேட்டை எடுங்கள். அமிலம் ஊற்றவும் கூடாது, நச்சுள்ள ஹைட்ரசோயிக் அமிலம் வரும்.

டி.எல்.சி.யில் மூலப்பொருள் மறைந்ததும் வினை முடிந்தது என்று நினைப்பது புதியவர்களின் வழக்கம். ஒர்க்-அப்பில் கோட்டைவிட்டால் விளைச்சல் எங்கே போனதென்றே தெரியாது. எல்.ஏ.எச்.சில் தண்ணீரை மனம்போல ஊற்றினால் வடிகட்டவே முடியாத அலுமினியக் கூழ் வரும். ஃபீசர் முறையைப் பழகுங்கள்: ஈதர் விட்டு நீர்க்கச் செய்து 0 டிகிரிக்குக் குளிர்வித்து, ஒரு கிராம் எல்.ஏ.எச்.சுக்கு 1 மில்லி தண்ணீர், 1 மில்லி 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு 3 மில்லி தண்ணீர், எல்லாம் சொட்டுச் சொட்டாக. மணல் போன்ற வெள்ளைத் திடம் வரும், சுலபமாக வடியும்.

நேர்காணலுக்கு முன் உங்கள் புராஜெக்டில் ஒரே ஒரு படியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வினைக்காரணி ஏன், மாற்று எது, துணை விளைபொருள் என்ன, எப்படிப் பிரித்தீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பேசப் பழகுங்கள். அடுத்து "ஒரு கிராமில் செய்ததை 100 கிராமில் செய்தால் என்ன மாறும்?" என்று கேட்பார்கள். பதிலை வெப்பத்திலிருந்து தொடங்குங்கள்: சிறு குடுவையின் சூட்டை ஐஸ் தொட்டி சட்டென்று வாங்கிக்கொள்ளும், பெரிய குடுவையில் அது உள்ளேயே தேங்கும். அதனால் சேர்க்கும் வேகத்தைக் குறைத்து, வெப்பமானியை வெளியே தொட்டியில் அல்ல, கலவைக்குள் வைக்க வேண்டும்.