மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்



மார்கழி, தை மாதப் பனியில் நம் ஆஸ்பத்திரி வாசலில் அதிகமாகக் கேட்கும் வார்த்தை "பிள்ளைக்கு நெஞ்சுச் சளி" என்பதே. பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வரும் தாய்மாரும் பாட்டிமாரும் இந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். நாலு நாளில் தானாகப் போகும் ஜலதோஷமும் அவர்களுக்கு நெஞ்சுச் சளிதான். உயிரை வாங்கும் நிமோனியாவும் நெஞ்சுச் சளிதான். இரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அதற்கு எக்ஸ்ரே வேண்டாம், ஸ்டெதாஸ்கோப்பும் வேண்டாம். வினாடி முள் உள்ள ஒரு கடிகாரம் போதும். அதைத்தான் இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தால் "கர் கர்" என்று அதிர்வதைக் கண்டு பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளியினால் வருவது. கேட்கப் பயமாயிருக்கும், ஆனால் அது மட்டும் ஆபத்தின் அறிகுறி அல்ல. மாறாக, நிமோனியா கண்ட குழந்தை சத்தமே இல்லாமல் சோர்ந்து கிடக்கலாம். நுரையீரலில் காற்று நிரம்பவேண்டிய சிறு பைகளில் நீரும் சீழும் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்யக் குழந்தை வேகவேகமாக மூச்சு விடுகிறது. ஆகவே கவனிக்கவேண்டியது சத்தத்தை அல்ல, வேகத்தை.

இது ஏதோ கைவைத்தியக் குறிப்பு அல்ல. பாப்புவா நியூகினியில் கோரோகா என்ற மலைப்பகுதி ஊரில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், எக்ஸ்ரே வசதியில்லாத இடங்களில் நிமோனியாவைக் கண்டுபிடிக்க மூச்சின் எண்ணிக்கை உதவும் என்று 1984ல் எழுதினார். அது நம் நாட்டுக் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்த்தது நீங்கள் நன்கறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான். தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானோர் 1988ல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு இது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50க்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 40க்கு மேலும் மூச்சு ஓடினால், நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். இன்று உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கணக்கும் இதையொட்டியதே. பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு.

எண்ணுவதில் ஒரு பக்குவம் உண்டு. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக்கூடாது. குழந்தை அமைதியாக மடியில் இருக்கும்போது சட்டையை மார்புவரை தூக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழு அறுபது வினாடி எண்ணவேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. சிசுக்கள் நாலு மூச்சு வேகமாக விட்டு, சற்று நிறுத்தி, மறுபடி தொடங்குவதால் கணக்குத் தவறிவிடும். எண்ணிக்கை கூடுதலாக வந்தால் இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஐம்பதுவரை எண்ணத் தெரியாத பாட்டி என்ன செய்வார் என்று கேட்கலாம். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்து மருத்துவச்சிகளுக்காக ஒரு எளிய கருவி செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், கூடவே கோர்த்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் மருந்து. இப்படிப் பயிற்சி பெற்ற கிராமத்தார் மூச்சை எண்ணி மாத்திரை கொடுத்ததில், அந்த ஊர்களில் நிமோனியாவால் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை பக்கத்து ஊர்களோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியானது என்று 1990ல் வெளியிட்டார்கள்.

எண்ணுவதால் கிடைப்பது நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எட்டு மாதக் குழந்தைக்கு 56 என்று எண்ணிவிட்ட தாய்க்கு அருப்புக்கோட்டை பஸ் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். அந்த நிலையில் பல குழந்தைகளுக்கு வாய்வழி அமாக்சிசிலின் மருந்தே போதுமானது. "சளிதானே, காலையில் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டால் நடுராத்திரியில் விலாவுக்குக் கீழே குழி விழத் தொடங்கும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உப்புவதற்குப் பதில் உள்ளே போனால், மூக்குத் துவாரம் விரிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், பால் இழுத்துக் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பியும் கண் திறக்காவிட்டால் எண்ணிக்கொண்டிராமல் 108ஐக் கூப்பிடவேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022ல் தொடங்கியபின் எல்லாக் குழந்தையையும் மதுரைக்கே தூக்கி ஓடவேண்டிய அவசியம் இல்லை. இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு வேக மூச்சு ஒன்றே போதும், உடனே ஆஸ்பத்திரி. அந்த வயதில் காய்ச்சல் அடிக்காமல் உடம்பு சில்லிட்டும் போகலாம்.

வேக மூச்செல்லாம் ஒரே நோயும் அல்ல. ஆறு மாதத்துக் குழந்தைக்கு வைரஸினால் சிறு மூச்சுக்குழல்கள் வீங்கி இழுப்பு வருவதுண்டு. அதற்கு ஆன்டிபயாட்டிக் பலிக்காது. ஆக்சிஜனும் தாய்ப்பாலும் காவலும்தான் வைத்தியம். ஆகையால் அக்காள் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்து மீந்த பாட்டிலைத் தங்கை பிள்ளைக்கு ஊற்றவேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். வெறும் ஜலதோஷம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுத்து, மூக்கடைப்புக்கு மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு விட்டு, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தால் போதும்.

நம் பாட்டிமாரைக் குறைசொல்ல மனமில்லை. அவர்கள் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதிலும் உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதிலும் உள்ள கைப்பக்குவம் எந்த நர்சுக்கும் வராது. ஆனால் மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்தியே ஆகவேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலிலும் வெளியே வராது, அங்கேயே தங்கிப் புண்ணாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு வரும் இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். சீமைக்கருவேல விறகு எரியும் ஒற்றை அறை வீட்டிலும் கரிமூட்டத்தின் பக்கத்திலும் வளரும் பிள்ளை ஏற்கனவே வேண்டிய மட்டும் புகை குடிக்கிறது. கேஸ் அடுப்பு கொடுத்துவிட்டால் நிமோனியா ஒழிந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். தமிழ்நாட்டுக் கிராமங்களும் இடம்பெற்ற நாலு நாட்டு ஆராய்ச்சியில் கேஸ் அடுப்பு மட்டும் கடும் நிமோனியாவைக் குறைக்கவில்லை என்று 2024ல் தெரியவந்தது.

உங்கள் காணிக்கையில் எது அதிகம் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறு கருவியும், அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரமும் பாப்புவா நியூகினியின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் வந்தபின் நிமோனியா மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2008ல் வெளியானது. கருவி 90க்குக் கீழே காட்டினால் ஆக்சிஜன் தேவை. இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே சிலிண்டரும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தடுப்பூசி அட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றுக்கு எதிரான மருந்து அடங்கிய பெண்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் போடவேண்டும். நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021 முதல் நம் மாநிலத்தில் அரசுச் செலவில் கிடைக்கிறது; 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. வேலைக்காக ஊர் மாறும் குடும்பங்களில் ஒன்பதாம் மாத ஊசிதான் விட்டுப்போகிறது. அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கிராம நர்ஸிடம் காட்டுங்கள், இலவசமாகவே போடுவார்கள்.